ஏழாங்கட்டை மனுவின் ஆசிரியர்

தம்பின்
3 மார்ச் 2025

கிராணி மகள் திலகத்துக்கு,

நலமா என்று கேட்டுத்தான் எந்தக் கடிதத்தையும் ஆரம்பிப்பேன். இதை அப்படி ஆரம்பிக்க மனம் வரவில்லை. நான் ரோகினி. ஏழாங்கட்டைத் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை உன் பக்கத்தில் உட்கார்ந்தவள். ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்த தாயம்மாவின் மகள். ஐம்பத்தோரு வருஷம் ஆகிவிட்டது. உனக்கு மறந்திருந்தாலும் எனக்கு மறக்கவில்லை.

போன சனிக்கிழமை சிரம்பானில் உங்கள் கண்காட்சிக்குப் போனேன். தோட்டத்துப் பழைய தாள்களைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள், வாங்க ஆன்ட்டி என்று பக்கத்து வீட்டு நிலானி இழுத்துக்கொண்டு போனாள். நம் தோட்டத்து மனு நடுவில் இருந்தது. 1973-ல் ஆயாக் கொட்டகைக் கூரைக்காகத் தோட்ட மேனேஜர் துரைக்கு எழுதிய மனு. எட்டு வரி படித்தேன், என் அம்மா குரல் காதில் கேட்டது. அங்கேயே அழுதுவிட்டேன், வெட்கமாகப் போய்விட்டது.

அப்புறம் கீழே இருந்த அட்டையைப் படித்தேன். “ஆசிரியர்: சின்னத்துரை, தோட்ட அலுவலகத் தலைமைக் கிராணி.” அதற்குக் கீழே உன் அப்பா, கிராணி ஐயா, துரைக்குக் கொடுத்த விளக்கக் கடிதத்திலிருந்து ஒரு வரி: “இவ்வாறு சிந்தித்து எழுதும் அறிவு இத்தொழிலாளருக்கு இல்லை, இது முழுவதும் என் எண்ணமே.” அழுகை அதோடு நின்றுபோனது.

அந்த மனுவைச் சொன்னது என் அம்மா. ஒவ்வொரு சொல்லும் அம்மாவுடையது. அறிவு இல்லை என்ற வரியைக் கண்ணாடிக்குள் வைத்து ஊருக்குக் காட்ட உனக்கு எப்படி மனசு வந்தது? அட்டையின் ஓரத்தில் “விவரப் பதிவு: திலகம் சின்னத்துரை” என்று போட்டிருந்ததால்தான் நீ என்று தெரிந்தது.

பிழை இருந்தால் தெரிவிக்க வாட்ஸ்அப் நம்பரும் இருந்தது. அதில் திட்டினால் ஒரு விரலால் அழித்துவிடுவாய். தாளில் திட்டினால் உங்கள் வழக்கப்படி இதையும் ஃபைலில் வைத்துத்தானே ஆகவேண்டும்? வை.

ரோகினி

*

பெட்டாலிங் ஜெயா
14 மார்ச் 2025

அன்புள்ள ரோகினி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஃபைலிலும் வைத்துவிட்டேன். உங்களை மறக்கவில்லை.

நாங்கள் செய்யும் வேலை என்ன என்பதை முதலில் சொல்கிறேன். நான் நூலகத்தில் முப்பது வருஷம் புத்தகங்களுக்கு விவரம் எழுதி ஓய்வு பெற்றவள். இப்போது நாலைந்து பேர் சேர்ந்து தோட்டத்துத் தாள்களைப் படம் எடுத்துக் கணினியில் ஏற்றுகிறோம். ஒவ்வொரு தாளைப் பற்றியும் சின்னச் சின்ன வாக்கியங்கள் எழுதுகிறோம். ஒவ்வொன்றிலும் மூன்றே பாகம்: ஒரு தாள், ஓர் உறவு, ஓர் ஆள். “இந்த மனு – ஆசிரியர் – சின்னத்துரை.” அவ்வளவுதான். அந்தச் சின்னத்துரைக்கு ஒரு தனி எண் உண்டு. அந்த எண்ணைத் தொட்டால் அவர் எழுதிய மற்றத் தாள்கள், வேலை பார்த்த தோட்டம், அங்கே அப்போது இருந்தவர்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வெளிநாட்டுத் தொகுப்புகளும் எங்கள் எண்களோடு தங்கள் தாள்களை இணைக்கின்றன. ஆகையால் ஒரு பிழை இங்கே நுழைந்தால் அது இங்கேயே நிற்காது. ஆதாரம் இல்லாமல் ஒரு வாக்கியமும் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறோம்.

அந்த மனுவுக்கு ஆதாரம் இரண்டு. கையெழுத்து அப்பாவுடையது. எழுதியது யார் என்று துரை கேட்டபோது, எண்ணமும் சொல்லும் தன்னுடையவை என்று அப்பா எழுதிக் கையொப்பமிட்ட கடிதம் இருக்கிறது. உங்கள் பக்கத்தில் உங்கள் நினைவு இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் உங்கள் அம்மாவின் பெயரை எந்த ஆளோடு இணைப்பது? 1973 பெயர்ப் பட்டியலில் மூன்று தாயம்மா. தகப்பன் பெயர் இல்லை, பிறந்த வருஷம் இல்லை.

இனிப் பேசுவது விவரப் பதிவாளர் இல்லை. அந்த மனுவால் என் அப்பாவின் வேலை போனது உங்களுக்குத் தெரியும். இரண்டு வாரத்தில் குவார்ட்டர்ஸை விட்டு வெளியேறச் சொன்னார்கள். தம்பின் ஸ்டேஷனில் நாங்கள் நாலு பேரும் ஐந்து பெட்டிகளோடு நின்றோம். யாருக்காக அப்பா எழுதினாரோ அவர்களில் ஒருவர்கூட வழியனுப்ப வரவில்லை. நான் பிளாட்ஃபாரத்தின் கோடிவரை நடந்து நடந்து பார்த்தேன். உங்களைத்தான் தேடினேன், ரோகினி. பதினொரு வயதில் ஏற்பட்ட அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை. அப்பாவுக்குச் சேரவேண்டிய ஒரு வரியை இப்போது நீங்கள் கேட்கிறீர்கள். தருவதற்கில்லை.

திலகம்

*

தம்பின்
24 மார்ச் 2025

திலகம்,

“ரோகினி அவர்களுக்கு” என்று படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. என் ஸ்லேட்டுக் குச்சியைத் திருடித் தின்றவள் நீ.

மூன்று தாயம்மா என்று சொல்லி என்னை மடக்கப் பார்க்காதே. நான் அரசாங்கக் கிளினிக்கில் மிஸ்ஸியாக இருபத்தெட்டு வருஷம் வேலை செய்தவள். ஒரே காலையில் மூன்று லெட்சுமி வருவார்கள். பேரை மட்டும் கேட்டு ஊசி போட்டால் ஆள் போய்விடும். அடையாள அட்டை ஐ.சி. நம்பர் கேட்போம், அம்மா பேர் கேட்போம், எந்த லயம் என்று கேட்போம். நீ கேட்கவில்லை, அவ்வளவுதான். இதோ எழுதிக்கொள்: தாயம்மா, தகப்பன் பேர் திருநாவுக்கரசு, பிறந்தது 1931, மேட்டு லயம் நான்காவது வீடு. பழைய சிவப்பு ஐ.சி.யின் நகல் இத்துடன் இருக்கிறது. மற்ற இரண்டு தாயம்மாவும் ரப்பர்ப் பால் வெட்டியவர்கள். ஆயாக் கொட்டகைத் தாயம்மா ஒருத்திதான்.

இப்போது உன் ஆதாரத்தை எடு, படி. மழை வந்தால் எந்தத் தொட்டிலை எங்கே மாற்றிக் கட்டுவோம் என்று மனுவில் வரிசையாக இருக்கிறதே. செல்லம் மகன் மூன்றாம் தொட்டில், தலையில் சொட்டும். பஞ்சாலை மகள் ஐந்தாம் தொட்டில், அந்த இடத்து உத்தரத்தில் கறையான். ஆபீஸில் உட்கார்ந்திருந்த ஐயாவுக்குத் தொட்டில் வரிசை எப்படித் தெரியும்? அவர் ஆயாக் கொட்டகைக்குள் ஒரு நாள்கூட வந்ததில்லை.

அதைவிடு, நீயும் அங்கே இருந்தாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உங்கள் வீட்டு முன்னறை. அம்மா சொல்லச் சொல்ல ஐயா எழுதினார். நானும் நீயும் மேசைக்கு இந்தப் பக்கம். நாய்க் கூண்டுப் பேச்சு வந்த இடத்தில் ஐயா பேனாவைத் தூக்கினார்.

“தாயம்மா, துரை வீட்டு நாய்க் கூண்டுக்குப் புதுத் தகரம் போட்ட கதை வேணாம். இதை எடுத்துவிடட்டோ? மனுசனுக்குக் கோவம் வரும்.”

“வரட்டுமே ஐயா. நாயிலதாங்க விஷயமே இருக்கு. அதை எடுத்துட்டா அப்புறம் நான் என்னாத்தச் சொன்னேன்?”

ஐயா சிரித்துவிட்டு அப்படியே எழுதினார். ஒரு சொல்லைக்கூட மாற்றமாட்டார், எழுதி முடித்ததும் திரும்ப வாசித்துக் காட்டுவார். கடிதம் சொல்ல வந்த எல்லோருக்கும் அவர் அப்படித்தான் செய்வார், அதனால்தான் லயத்தில் அவருக்கு அவ்வளவு மரியாதை.

மை ஒற்றுகிற வேலை உன்னுடையது. பெரிய மனுஷி மாதிரி ஒற்றுத்தாளை எடுத்து வைத்து அழுத்தினாய். ஐயா இன்னும் அந்த வரியை முடிக்கவில்லை. “பதினொரு தொட்டில்” என்ற இடத்தில் மை இழுத்துக்கொண்டு போனது. குட்டு வாங்கினாய். போய்ப் பார், அந்த இடத்தில் இருக்கும்.

ஸ்டேஷனுக்கு ஏன் வரவில்லை என்று கேட்கிறாய். அதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது. சொல்ல முடியாது, அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்.

மனுப் போட்டு ரெண்டு மாசத்தில் கொட்டகைக்குப் புதுக் கூரை வந்தது. நீ போய்விட்டிருந்தாய். உனக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள் என்று இப்போதுதான் தோன்றுகிறது.

ரோகினி

*

பெட்டாலிங் ஜெயா
9 ஏப்ரல் 2025

ரோகினி,

இருக்கிறது. பதினாறு நாளாக எழுதாமல் இருந்ததற்கு அந்தக் கறைதான் காரணம்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். “பதினொரு” என்ற சொல்லிலிருந்து வலப்பக்கம் வால் மாதிரி மை இழுத்திருக்கிறது. விவரப் பதிவில் நானே அதை “நீர்பட்ட சேதம்” என்று எழுதிவைத்திருக்கிறேன். என் கை செய்த வேலைக்குத் தண்ணீர் மேல் பழி போட்டிருக்கிறேன், பாரேன்.

அதைப் பார்த்ததும் மற்றதெல்லாம் கூடவே வந்தது. மேசையில் விரித்திருந்த பச்சைத் துணி. வெளியே ரப்பர்க்கொட்டை வெடிக்கிற சத்தம். உன் அம்மா கதிரையில் உட்காரவே இல்லை. அப்பா இரண்டு தரம் சொல்லியும் அவர், “பரவாயில்லைங்க, நின்னுக்கிட்டாத்தான் எனக்குப் பேச வரும்” என்றார். அவரிடம் பாலும் மருந்து எண்ணெயும் கலந்த ஒரு வாசனை இருந்தது. பள்ளி விட்டதும் நாம் இரண்டு பேரும் ஆயாக் கொட்டகையில் ஆளுக்கொரு தொட்டில் ஆட்டுவோம். தூங்கவைத்தவளுக்கு ஒரு மாரி பிஸ்கட். எனக்கு எப்போதும் அழுகிற பிள்ளையையே கொடுப்பாய். இத்தனை வருஷம் அந்தத் தோட்டத்தை ஸ்டேஷனிலிருந்து மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் அங்கே எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறந்தே போய்விட்டேன், ரோகினி.

உன் அம்மாவுக்கு ஒரு தனி எண் கொடுத்துவிட்டேன். இனி அவர் மூன்று பேரில் ஒருவர் இல்லை.

ஆனால் ஆசிரியர் வரியில் கை வைக்க முடியவில்லை. காரணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். என் அப்பாவுக்குக் கல்லறை கிடையாது, சாம்பலைக் கடலில் கரைத்தோம். சிரம்பானுக்குப் போனபின் ஒரு கடையில் ஸ்டோர் கிளார்க்காக இருந்து 1986-ல் மாரடைப்பில் போய்விட்டார். அவர் பெயர் இந்த உலகத்தில் எழுதியிருக்கிற ஒரே இடம் இந்தப் பதிவு. “ஆசிரியர்” என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அவர் பெயரைத் தட்டச்சு செய்த அன்று நான் கோவிலுக்குப் போனேன். அவ்வளவு பெருமை எனக்கு.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் முறையில் ஒரே தாளுக்கு இரண்டு பேர் உரிமை சொன்னால் இரண்டையும், யார் சொன்னது என்ற ஆதாரத்தோடு, அடுத்தடுத்து எழுதலாம். உன் அம்மா என்று நீ சொல்கிறாய், தான் என்று அப்பா சொல்கிறார். படிக்கிறவர் கேட்பார், யார் பொய் சொன்னது என்று. அதிலும் அந்த அறிவு இல்லை என்ற வரி. கேட்டுக் கேட்டு எழுதிய மனிதர், நாய் வரியைக்கூட விட்டுவைத்தவர், அப்படி ஒரு வரியை எழுதியிருக்கிறார் என்றால் அவரை நான் என்னவென்று நினைப்பது? இன்னொருத்தி சொல்லைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்ட ஆளாக என் அப்பாவை என் கையாலேயே பதிவு செய்யவா?

தெரியாமல்தான் கேட்கிறேன். உன் அம்மா ஏன் அப்போதே வாயைத் திறக்கவில்லை? அப்பா ஏன் அப்படி எழுதினார்? உனக்குத் தெரியும் என்றால் சொல்.

திலகம்

*

தம்பின்
19 ஏப்ரல் 2025

திலகம்,

கேட்டுவிட்டாய். இதற்காகத்தான் இத்தனை வருஷம் காத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா 2011-ல் போனார். போவதற்கு ஒரு வாரம் முன்னால், பெட்டியின் அடியில் இருந்த ஒரு கவரை என் கையில் கொடுத்து, “கிராணி வீட்டுக்காரவங்க அவங்களா ஏன்னு கேட்டா மட்டும் காட்டு. நீயாப் போயிக் காட்டினா செஞ்ச உதவிய விக்கிற மாதிரி ஆயிரும்” என்றார். உன் கண்காட்சியைப் பார்த்துவிட்டு இதைத் தூக்கிக்கொண்டு வந்து உன் முகத்தில் எறிய ஆசை இருந்தது. சத்தியம் தடுத்தது. அதனால்தான் திட்டி எழுதினேன். திட்டினால் நீ ஏன் என்று கேட்பாய் என்று ஒரு நப்பாசையும் இருந்தது.

இது அசல். உன் அப்பா கை. நகல் எடுத்து வைத்துக்கொண்டேன், பயப்படாதே. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அந்தக் கடிதம் வந்த அன்று படித்துக் காட்டியது நான்தான், பதினொரு வயதில். படித்து முடித்ததும் அம்மா தொட்டில் கட்டப் போய்விட்டார்.

ரோகினி

[உள்ளே இருந்த கடிதம்]

சிரம்பான்
9 ஜனவரி 1974

தாயம்மாவுக்குச் சின்னத்துரை எழுதிக்கொள்வது. நாங்கள் சுகமே வந்து சேர்ந்தோம். வீடு சிறியது, போதும்.

மனுவைச் சொல்லிக் கொடுத்தது யார் என்று துரை உங்கள் பகுதியில் இன்னமும் விசாரிப்பதாகக் கேள்விப்பட்டேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவேண்டாம். நான்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உம்மிடம் இருப்பது குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டை. வேலை போனால் பெர்மிட் போகும், பெர்மிட் போனால் நாலு பிள்ளைகளோடு கப்பல் ஏறச் சொல்லுவார்கள். எனக்கு நீல அட்டை இருக்கிறது, இங்கிலீஷ் தெரியும், எங்கேயும் வேலை தேடிக்கொள்வேன்.

ஸ்டேஷனுக்கு எவரும் வரக்கூடாது என்று வேலை வாங்கும் மண்டோரிடம் நான்தான் கண்டிப்பாய்ச் சொன்னேன். வருகிறவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ள ஆள் நிறுத்தியிருந்தார்கள். நீர் வராததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் மகள்தான் ரோகினியைத் தேடி அழுதபடி நின்றாள். அவளுக்கு விஷயத்தைச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளை, எங்கேயாவது சொல்லிவிடுவாள். அட்டை நீலமான பின் நானே அவளுக்குச் சொல்லுவேன்.

ஒன்றுதான் என்னை வருத்துகிறது. விளக்கக் கடிதத்தில், உங்களுக்கு அப்படி எழுதும் அறிவு இல்லை என்று ஒரு வரி எழுதினேன். அப்படி எழுதினால்தான் துரை நம்புவார், அவர் நினைப்பதும் அதுதானே. அந்த வரியை எழுதக் கை கூசியது. நான் எழுதிய கடிதங்களில் அந்த மனுவைப் போல நல்ல கடிதம் வேறில்லை. அது நீர் சொன்னது. அந்த ஒரு வரிக்காக என்னை மன்னிக்கவேணும்.

கூரை போட்டார்களா என்று யாரிடமாவது சொல்லியனுப்பும்.

சின்னத்துரை

*

பெட்டாலிங் ஜெயா
12 மே 2025

ரோகினி,

எத்தனை தரம் படித்தேன் என்று எனக்கே தெரியாது. “அட்டை நீலமான பின் நானே அவளுக்குச் சொல்லுவேன்.” உன் அம்மாவின் அட்டை எந்த வருஷம் நீலமானது என்று நீ எழுதவில்லை. உன் தம்பி சுகுமாறனின் நம்பரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். 1991 என்றார். அப்பா போய் ஐந்து வருஷம் கழித்து. அவ்வளவுதான், அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. இத்தனை வருஷம் உன் அம்மாவை நன்றி இல்லாதவர் என்று நினைத்திருக்கிறேன். என் வீட்டில் சொல்லியும் இருக்கிறேன். அதற்கு நான் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பேன்? உன்னிடம்தான் கேட்கவேண்டும். கேட்கிறேன்.

கண்காட்சியில் இருந்த அந்த அட்டையைப் போன வாரமே எடுக்கச் சொல்லிவிட்டேன். புதிய பதிவைப் பார்:

இந்த மனு – ஆசிரியர் – தாயம்மா, ஆயாக் கொட்டகை, ஏழாங்கட்டை.
இந்த மனு – கையால் எழுதியவர் – சின்னத்துரை.
இந்த மனு – மை ஒற்றியவர் – திலகம்.

மூன்றாவதைப் படித்துவிட்டுச் சிரிப்பாய் என்று தெரியும். “நீர்பட்ட சேதம்” என்பதை அழித்துவிட்டேன், அந்தக் குறிப்பில் பதிலுக்கு ஏதாவது போடவேண்டுமே.

இதற்கப்புறம்தான் சிக்கல். அப்பாவின் விளக்கக் கடிதத்தை என்ன செய்வது? அதில் இருப்பது உண்மை இல்லை, ஆனால் அவரைப் பொய்யர் என்றும் எழுதமுடியாது. எங்கள் உறவுப் பட்டியலில் ஆசிரியர் உண்டு, கையால் எழுதியவர் உண்டு, கையொப்பமிட்டவர் உண்டு, பெற்றவர் உண்டு. அப்பா செய்ததற்கு ஒரு சொல் இல்லை. கணினி வேலையைப் பார்க்கும் சசிதரனிடம் புதிதாக ஓர் உறவைச் சேர்க்கச் சொன்னேன்.

“இது எத்தனை தாளுக்குக்கா வரும்?” என்றார்.

“ஒன்று.”

“ஒரு தாளுக்காக ஒரு உறவா? அப்படியெல்லாம் சேர்க்கமாட்டோம்லா அக்கா.”

அப்பாவின் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு உடனே சேர்த்தார். இப்போது நாலாவது வரி இது: “இந்த மனு – பழியை ஏற்றவர் – சின்னத்துரை.” ஆதாரம் என்ற இடத்தில் நீ அனுப்பிய கடிதம், “பாதுகாத்தவர்: தாயம்மா, பின்னர் ரோகினி.” மற்றத் தோட்டங்களின் தாள்களை இந்தச் சொல்லை வைத்துச் சசிதரன் திரும்பத் தேடியதில் பெடாஸ் பக்கத்திலிருந்து இன்னும் இரண்டு கிராணிகள் அதே உறவின்கீழ் வந்திருக்கிறார்கள். அப்பாவுக்குக் கூட்டாளிகள் கிடைத்துவிட்டார்கள்.

ஆசிரியர் என்ற சொல்லை அவரிடமிருந்து எடுத்த அன்று கோவிலுக்குப் போகவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். நஷ்டமாகத் தோன்றவில்லை. ஐம்பது வருஷமாகத் தெரியாத அப்பாவை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஒரு காரியம் பாக்கி. அவர் கேட்டதற்கு யாரும் பதில் போடவில்லை, கூரை போட்டார்களா என்று. அந்த இடத்தை ஒரு தரம் பார்க்கவேண்டும். அங்கே இப்போது தாமான் வீடுகள் வந்துவிட்டன என்று தெரியும், பரவாயில்லை. 24-ஆம் தேதி சனிக்கிழமை கம்யூட்டர் ரயிலில் தம்பினுக்கு வருகிறேன். பதினொன்றே முக்காலுக்கு வந்து சேரும். டாக்சி எடுத்து உன் வீட்டுக்கு வந்துவிடுவேன், அலையாதே.

உன் திலகம்

*

தம்பின்
17 மே 2025

திலகம்,

டாக்சியா? நல்லா வந்திச்சு கதை.

பதில் போட்டார்கள், உனக்குத் தெரியாது. கூரை போட்ட அன்று அம்மா என்னை உட்கார வைத்து எழுதச் சொன்னார். அம்மா சொன்ன முதல் கடிதத்தை நான் எழுதினேன். “ஐயா, கூரை போட்டாச்சு, ஒரு சொட்டு இல்லை, பதினொரு பிள்ளையும் தூங்குது.” முகவரியில் நம்பரை மாற்றி எழுதிவிட்டேன் போலிருக்கிறது, ஒரு மாசத்தில் திரும்பி வந்தது. அம்மா என்னைத் திட்டவில்லை. ஐயா கடிதம் இருந்த அதே கவரில் வைத்துவிட்டார். ஒட்டினது ஒட்டினபடி இருக்கிறது, பிரிக்கவில்லை. உனக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டேன், தபாலை நம்பி ஒரு தரம் பட்டது போதும். நேரில் தருகிறேன். நீதான் பிரிக்கவேண்டும். ஆசிரியர் யார், கையால் எழுதியவர் யார் என்று இந்தத் தடவை சரியாகப் போடு.

ரயில் பதினொன்றே முக்காலுக்கு. நான் பத்து மணிக்கே ஸ்டேஷனில் வந்து நிற்பேன். பிளாட்ஃபாரத்தின் கோடியில், நீ தேடிய இடத்தில்.

ரோகினி